என்ன மருந்து அடிச்சேன்னு யாராவது கேட்டாங்களா?

(ஒன்றிய விவசாயிகள் சங்கப் பேரவைக் கூட்டத்தில் சங்க நிர்வாகி ஒருவர் பேசியது. பெரும்பாலும் பேசியபடியே அச்சிட்டிருக்கிறோம்.)



உர விலை, கரும்பு பாக்கி, கூட்டுறவுக் கடன் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் பேசிவிட்டார்கள். நான் பேசப் போவது இந்த மேடையில் இதுவரை யாரும் எடுக்காத விஷயம். ஆம்பளைங்க உடம்பைப் பற்றி. ஆண்களுக்கு ஆண் தன்மையைக் கொடுக்கிற ஹார்மோன் குறைந்துகொண்டே வருவதைப் பற்றி. இதை மைக் வைத்துப் பேசலாமா என்று நிர்வாகக் குழுவில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. "தாய்மார்கள் இருக்கிற இடத்துல எப்படிப்பா?" என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். தாய்மார்கள் இருக்கிறதால்தான் பேசணும் என்று நான் சொன்னேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் அடி வாங்குவது முதலில் அவங்கதான்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். தம்பியும் அவன் சம்சாரமும் "சொல்லுங்க, பரவாயில்லை" என்று சம்மதித்த பிறகுதான் சொல்கிறேன்.

என் தம்பி பதினெட்டு வயசில் மருந்து டேங்கைத் தோளில் மாட்டினான். எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் பருத்திக் கொல்லை. அது முடிந்தால் ஊரில் இருக்கிற மற்றவர்கள் கொல்லைக்கெல்லாம் டேங்குக்கு இவ்வளவு என்று கூலிக்கு அடிக்கப் போவான். எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், குயினால்பாஸ், கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அது. நல்ல ஆள், சளைக்காமல் அடிப்பான் என்று பேர். 2004-இல் கல்யாணம் ஆச்சு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், நாலு வருஷம். குழந்தை இல்லை.

அந்தப் பிள்ளை எத்தனை கோயில் சுற்றினாள், எத்தனை சஷ்டி பட்டினி கிடந்தாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. வளைகாப்பு வீட்டில் அவளைத் தள்ளி உட்கார வைத்தார்கள். என் அம்மாவே ஒரு நாள் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன், ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை. சங்கத்தில் நியாயம் பேசுகிற நான் பேசவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி. அவளுக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் சோதனை. ஏழு வருஷம் கழித்துத்தான் ஒரு டாக்டரம்மா, "இவ்வளவு நாளா வீட்டுக்காரரை ஏன் டெஸ்ட் பண்ணலை?" என்று கேட்டார். பண்ணிப் பார்த்தால் விந்தணு மிகக் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் என்கிற அந்த ஹார்மோனும் குறைவு.

இதில் என் நெஞ்சைக் குத்துவது வேறு ஒன்று. அந்தச் சீட்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'விவசாயம்' என்று எழுதினார்கள். அத்தோடு சரி. என்ன மருந்து அடிக்கிறாய், எத்தனை வருஷமாய் அடிக்கிறாய், எதைக் கட்டிக்கொண்டு அடிக்கிறாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அங்கே மட்டுமில்லை, பிறகு போன மூன்று இடத்திலும் கேட்கவில்லை.

மருந்துதான் என் தம்பியை இப்படி ஆக்கியது என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு ஆளுடைய உடம்பில் எது எதனால் வந்தது என்று பின்னால் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் கேட்கவே இல்லையே? கேட்டால்தானே தெரியும்?

இப்போது இந்த ஹார்மோன் என்றால் என்ன என்று பார்ப்போம். நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் ஸ்டார்ட்டர். அது ரத்தத்தின் வழியாக ஒரு சைகை அனுப்பும். கீழே இருக்கிற விதைதான் மோட்டார். சைகை வந்ததும் மோட்டார் ஓடி, டெஸ்டோஸ்டிரோன் என்கிற தண்ணீரை இறைக்கும். வயசுக்கு வருகிற பையனுக்கு மீசை முளைப்பதும், குரல் உடைவதும், தோள் அகலமாவதும் இதனால்தான். வளர்ந்த பிறகு சதைக்கு வலு, எலும்புக்கு உறுதி, ஆசை, விந்து உற்பத்தி எல்லாவற்றுக்கும் இது வேண்டும். தொட்டி நிறைந்ததும் ஸ்டார்ட்டர் தானாகக் குறைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வயசாக ஆக இது குறைவது இயற்கை. புதுசு என்னவென்றால், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் 1987-இலிருந்து 2004 வரை நடுத்தர வயசும் அதற்கு மேலும் உள்ள ஆண்களை எடுத்து, மூன்று தடவை ரத்தம் பார்த்தார்கள். 1987-இல் அறுபது வயசாக இருந்தவருக்கு இருந்ததைவிட, 2004-இல் அறுபது வயசானவருக்கு ஹார்மோன் குறைவாக இருந்தது. வயசு ஒன்றுதான், அளவு குறைவு. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் என்று 2007-இல் கணக்குச் சொன்னார்கள். டென்மார்க்கிலும் பின்லாந்திலும் பார்த்தவர்களும் இதே மாதிரி சரிவைக் கண்டார்கள்.

ஏன் குறைகிறது? இங்கே நான் நேர்மையாகப் பேச வேண்டும். மேடை கிடைத்தது என்று எல்லாப் பழியையும் பூச்சி மருந்து மேல் போட்டால் நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் வந்து ஒரே கேள்வியில் நம்மை மடக்கிவிடுவான். முதல் காரணம் தொந்தி. வயிற்றில் சேருகிற கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். டென்மார்க் கணக்கில் உடம்பு பெருத்ததைக் கழித்துப் பார்த்தபோது சரிவு பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. பாஸ்டன் கணக்கில் அதைக் கழித்த பிறகும் சரிவு மிச்சம் இருந்தது. அடுத்தது சர்க்கரை வியாதி. அப்புறம் சாராயம். அது மோட்டாரையும் கெடுக்கும், ஈரலையும் கெடுக்கும். மருந்து அடித்த நாள் சாயங்காலம் "வாடை போகணும்"னு நேரே டாஸ்மாக் போகிற தம்பிகள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் யார் பக்கமும் பார்க்கவில்லை.

தூக்கமும் ஒரு காரணம். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல் நேர ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. ஒரு வாரத்தில்! மூன்று பேஸ் கரண்டை நடு ராத்திரியில் விட்ட வருஷங்களில் டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டில் குந்திக் கிடந்தோமே, அதை யார் கணக்கில் எழுதுவது? பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைக்கச் சேர்க்கிற தாலேட் என்ற பொருளும் எலிகளில் இந்த ஹார்மோனைக் குறைக்கிறது. இத்தனையும் உண்டு. ஆனால் தொந்தியை நான் நடந்து குறைத்துக்கொள்வேன், குடியை நான் விட முடியும். தோளில் ஏறுகிற டேங்க்குக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் என் கையில் இல்லை. அதனால்தான் இது சங்கத்து விஷயம்.

காசர்கோட்டுப் பையன்கள்

கேரளாவின் வட கோடியில் காசர்கோடு மாவட்டம். அங்கே அரசாங்கத்தின் தோட்டக் கழகத்துக்கு மலை மலையாக முந்திரித் தோட்டம். முந்திரிப் பூவைக் கருக்குகிற தேயிலைக் கொசு என்ற பூச்சிக்காக 1970-களின் பிற்பாதியிலிருந்து 2000-ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் அடித்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல். தோட்டம் மேட்டில், ஊர் அடிவாரத்தில். மலையைக் குடைந்து 'சுரங்கம்' என்று அவங்க சொல்கிற வழியாக வருகிற தண்ணீர்தான் குடிக்க. மேலே கொட்டியது எங்கே போகும்? கன்றுக்குட்டிகள் ஊனமாய்ப் பிறந்ததை ஸ்ரீ பத்ரே என்ற விவசாயப் பத்திரிகையாளர் ஆரம்பத்திலேயே எழுதினார். மோகன் குமார் என்ற உள்ளூர் டாக்டர் தன்னிடம் வருகிற நோயாளிகளைப் பார்த்து, ஒரு சின்ன ஊரில் இத்தனை வியாதியா என்று குறித்துவைத்தார். லீலாகுமாரி அம்மா என்ற வேளாண் துறை ஊழியர் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசாங்கத் தோட்டத்தின் மேல் 1998-இல் கேஸ் போட்டார். அந்தத் துணிச்சலை நினைத்துப் பாருங்கள்.

ஊனமாய்ப் பிறந்த குழந்தைகளின் படத்தை நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது படத்தில் தெரியாத பிள்ளைகளைப் பற்றி. அகமதாபாத்தில் இருக்கிற மத்திய அரசின் தொழில்சார் உடல்நல நிறுவனத்துக்காரர்கள் அந்த அடிவார ஊரில் 10 முதல் 19 வயசு வரை பள்ளிக்கூடம் போகிற 117 பையன்களைப் பார்த்தார்கள். மருந்து படாத வேறு ஊரில் 90 பையன்கள். நடக்கிற, ஓடுகிற, பந்து விளையாடுகிற சாதாரணப் பிள்ளைகள்தான். 2003-இல் முடிவு வெளியானது. மருந்து பட்ட ஊர்ப் பையன்கள் வயசுக்கு வருவது பின்தங்கியிருந்தது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அந்த வயசுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஆனால் மூளையிலிருந்து வருகிற சைகை மட்டும் அதிகம்.

நம் மோட்டார் கணக்குக்கு வாருங்கள். ஸ்டார்ட்டர் விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் கோளாறு எங்கே? மோட்டாரில்.

மருந்துக் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. மத்திய அரசு அமைத்த குழுக்களும் தொடர்பில்லை என்று எழுதின. ஒரே ஓர் ஆய்வு, சின்ன எண்ணிக்கை, அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்ட முடியாது என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம்கூட இருக்கலாம். சரி, அப்படியானால் பெரிய எண்ணிக்கையில் செய்திருக்க வேண்டியதுதானே? பருத்திக்கு எண்டோசல்பானை வருஷக்கணக்கில் அடித்த நம் ஊர்களில் வந்து ஒரு நூறு பையன்களைப் பார்த்தார்களா?

2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. அதற்கு முந்தின மாதம்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்த்து உலக அளவிலும் ஒதுக்க முடிவானது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொல்லி கேரள அரசுக்கு உத்தரவு போட்டது. மூன்று மாதத்தில் கொடு என்றது. 2022-இல் அதே நீதிமன்றம் "இன்னும் ஏன் கொடுக்கவில்லை?" என்று கண்டிக்க வேண்டி வந்தது. அங்கேயும் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துதான் ஒவ்வொன்றையும் வாங்கியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பேசிய பேச்சு

இன்னொரு ஊர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லாத்ரோப் என்ற சின்ன ஊர். ஆக்சிடென்டல் என்ற கம்பெனியின் பூச்சி மருந்து ஆலை. அங்கே டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்தார்கள். வாழை, அன்னாசி, திராட்சைத் தோட்டங்களில் வேரைத் தின்கிற நூற்புழுவைக் கொல்ல மண்ணுக்குள் விடுகிற மருந்து. நெமகான் என்ற பேரிலும் விற்றார்கள்.

வேலை செய்கிறவர்கள் எல்லாம் இளவட்டம். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் சொல்கிறான், எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை என்று. பக்கத்தில் இருந்தவன் எனக்கும் இல்லை என்கிறான். எண்ணிப் பார்த்தால் அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்பா ஆனவன் அரிதாக இருக்கிறான்! அந்த வெட்கத்தை விட்ட பேச்சுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். விஷயம் தொழிற்சங்கத்துக்குப் போனது. சிலர் தாங்களாகவே முன்வந்து விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். 1977-இல் டாக்டர்கள் முறையாகப் பார்த்து வெளியிட்ட கணக்கில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளாத 25 பேரில் 14 பேருக்கு விந்தணு இல்லை, அல்லது மிகக் குறைவு. எத்தனை நாள் அந்த மருந்தோடு இருந்தார்களோ அதற்கேற்ற பாதிப்பு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 25 பேருக்கும் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருந்தது. அதாவது மீசை இருக்கிறது, குரல் இருக்கிறது, தாம்பத்தியத்தில் குறை இல்லை, மூட்டை தூக்குகிறான். ஆனால் உள்ளே விதைநெல் இல்லை. ஆகவே ஹார்மோன் வேறு, பிள்ளை பெறுகிற சக்தி வேறு. ரெண்டும் சேர்ந்தும் கெடலாம், ஒன்று மட்டும் கெடலாம். "நான் நல்லா சிங்கம் மாதிரி இருக்கேன், குறை அவகிட்டதான்" என்று சொல்கிற ஆண்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே இருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இந்த மருந்து எலியின் விதையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே கம்பெனி விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதியிருந்தார்கள். பதினாறு வருஷம் அந்தக் காகிதம் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்குத்தான் தெரியாது. 1979-இல் அமெரிக்கா ஏறக்குறைய எல்லாப் பயிருக்கும் தடை செய்தது. ஆனால் மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டங்களுக்கு ஏற்றுமதி செய்து அடித்த மருந்தால், கோஸ்டாரிகாவிலும் நிகரகுவாவிலும் ஆயிரக்கணக்கான கூலி ஆட்கள் பிள்ளையில்லாமல் போனார்கள். நிகரகுவாக்காரர்கள் சினான்டேகாவிலிருந்து தலைநகர் மனாகுவா வரைக்கும் நடந்தே போய், நாடாளுமன்றத்துக்கு எதிரே குடிசை போட்டுக் கிடந்தார்கள். அவங்களும் நம்மை மாதிரி வெட்கப்படுகிற நாட்டுப்புறத்து ஆட்கள்தான்.

ஓர் ஆறுதலையும் சொல்லிவிடுகிறேன். லாத்ரோப் ஆட்களில் விந்தணு குறைந்திருந்தவர்கள் பலருக்கு, அந்த வேலையை விட்ட பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சுத்தமாக இல்லாமல் போனவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. சீக்கிரம் தெரிந்துகொண்டால் லாபம் உண்டு.

நம் தோளில் ஒழுகுகிற டேங்க்

நாம் இதை 'மருந்து' என்கிறோம். உரக்கடைக்காரர் 'மருந்து' என்கிறார். அதே மருந்தைக் குடித்துவிட்டான் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடும்போதுதான் அது விஷம் என்று ஞாபகம் வருகிறது. குடித்தால்தான் விஷமா? 2017-இல் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். யாரும் குடிக்கவில்லை. அதே பருவத்தில் நம் பெரம்பலூர் பக்கத்திலும் பருத்திக்கு அடித்தவர்கள் இறந்தார்கள். அது உடனே கொல்கிற கணக்கு. நான் சொல்வது மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கிற கணக்கு.

ஒரு சேதி சொல்கிறேன், இதைக் கேட்டுத்தான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மருந்து உடம்புக்குள் போவது மூக்கு வழியாகத்தான் என்று நினைக்கிறோம். துண்டை எடுத்து மூக்கில் கட்டுகிறோம். ஆனால் தோல் வழியாகவும் போகும். எந்த இடத்துத் தோல் எவ்வளவு உறிஞ்சும் என்று பாரத்தியான் மருந்தை வைத்து 1971-இல் அமெரிக்காவில் பார்த்தார்கள். முன்கை உறிஞ்சுவதைப் போல் சுமார் 12 மடங்கு உறிஞ்சுகிற இடம் ஒன்று இருக்கிறது. விதைப்பையின் தோல். உடம்பிலேயே அதிகமாக உறிஞ்சுகிற இடம் அதுதான்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு யோசியுங்கள். டேங்க் மூடியில் வாஷர் போயிருக்கும். குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகில் ஒழுகும். முதுகில் ஒழுகினது எங்கே இறங்கும்? இடுப்புக்கு. கட்டியிருப்பது ஒரு லுங்கி, உள்ளே கோமணமோ நிக்கரோ. மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்த பிறகு அதற்குள் நுழைந்து அடித்தால் முன்பக்கமும் நனையும். அந்த ஈரத்தோடு காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை. வெயிலில் வேர்வை வேறு. நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிறோம். மருந்து கலக்கின குச்சியைக் கீழே போட்டுக் கையை லுங்கியிலேயே துடைக்கிறோம். அந்த லுங்கியை வீட்டுக்காரி மற்ற துணியோடு சேர்த்துக் கையால் கசக்குகிறாள். எந்த டாக்டருக்காவது இது தெரியுமா? நாம் சொன்னால்தானே தெரியும்?

இப்போது புழக்கத்தில் இருக்கிற ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் பலவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் விந்தணு குறைந்திருக்கிறது. பழைய டி.டி.டி. உடம்புக்குள் சிதைந்து உண்டாகிற டி.டி.இ. என்ற பொருள் ஆண் ஹார்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று 1995-இல் கண்டுபிடித்தார்கள். அதாவது தண்ணீர் வந்தாலும் மடை அடைத்துக்கொண்டது. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் களைக்கொல்லியாகப் போடுகிற அட்ரசின், ஆண் தவளைகளில் சிலவற்றைப் பெண்ணாகவே மாற்றியது என்று கலிபோர்னியாவின் டைரோன் ஹேய்ஸ் 2010-இல் எழுதினார். கம்பெனி மறுத்தது. தவளைக்கு நடப்பது மனுஷனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் நிலத்தடி நீரில் கலக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள், நமக்குப் பையில் கட்டி விற்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

"அப்படின்னா அடிக்காம விடு, யார் அடிக்கச் சொன்னா?" என்று ஆபீஸில் கேட்பார்கள். யார் சொன்னது? கடனுக்கு விதை கொடுத்த கடைக்காரர்தான் மருந்தையும் கடனுக்குக் கொடுக்கிறார், எது கமிஷன் அதிகமோ அதைக் கொடுக்கிறார். பில் கேட்டால் "வேற கடை பாரு" என்கிறார். பில் கொடுக்க வேண்டும் என்பது 1971-ஆம் வருஷ விதியிலேயே இருக்கிறது. பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டு விஷத்தின் அளவைக் காட்ட வேண்டும் என்பதும், மாநில மொழியில் துண்டுச்சீட்டு வைக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்தச் சீட்டைப் பிரித்திருக்கிறீர்களா? எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இன்னொரு கூட்டத்திடமும் ஜாக்கிரதையாக இருங்கள். டவுனில் லாட்ஜில் ரூம் போட்டு, மாதம் ஒரு தடவை வந்து, சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, ஆண்மைக் குறைவுக்கு லேகியம் விற்கிறவர்கள். என் தம்பியும் ஒரு தடவை போய் ஆட்டை விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். இப்போது ஊசிக்காரர்களும் வந்துவிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவா, அதையே ஊசியாகப் போடு என்கிறார்கள். டாக்டர் ரத்தம் பார்த்துத் தேவை என்று போட்டால் அது வேறு. ஆனால் பிள்ளை வேண்டும் என்கிறவன் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? லாரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றின மாதிரி. தொட்டி நிறைந்துவிட்டது என்று ஸ்டார்ட்டர் நின்றுவிடும். மோட்டார் ஓடாது. இருக்கிற கொஞ்சம் விந்தணுவும் நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதனால் சங்கம் என்ன கேட்கிறது? அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளையில்லை என்று வருகிற தம்பதியில் முதலில் ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விந்துப் பரிசோதனை ஒன்றும் ஆபரேஷன் இல்லை, பெண்ணுக்குச் செய்கிற சோதனையில் பத்தில் ஒரு பங்கு கஷ்டம்கூட இல்லை. அந்தச் சீட்டில் மருந்து அடிக்கிறவரா, என்ன மருந்து, எத்தனை வருஷம் என்று எழுத இடம் வேண்டும். காசர்கோட்டில் பார்த்த மாதிரி பருத்தியும் மக்காச்சோளமும் அதிகமாகப் போடுகிற நம் ஒன்றியத்திலும் ஓர் ஆய்வு வேண்டும், முடிவை நமக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒழுகாத டேங்க், இடுப்புக்குக் கீழ் நனையாத உடுப்பு, ரெண்டையும் வேளாண் ஆபீஸ் மானியத்தில் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனி ஆலையில் வேலை செய்கிறவனுக்குக் கொடுக்கிற உடுப்பு கொல்லையில் அடிக்கிறவனுக்கு மட்டும் ஏன் இல்லை? பில் கொடுக்காத கடையின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்.

இது கிடைக்கிற வரைக்கும், நாளைக்கே அடிக்கப் போகிற தம்பி, ரெண்டு ரூபாய் வாஷரை முதலில் மாற்று. யூரியா சாக்கின் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பை புதுசாகக் கிடைத்தால் முதுகிலிருந்து தொடை வரைக்கும் கட்டிக்கொள். முடித்ததும் கையைக் கழுவுவதற்கு முன்னால் சோப்புப் போட்டு இடுப்புக்குக் கீழே... சரி, கையை முதலில் கழுவு, உடனே அங்கே கழுவு. சிரிக்காதீங்க, நான் சீரியஸாகச் சொல்கிறேன்.

வருகிற விவசாயிகள் குறைதீர் நாளன்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுகிறோம். எல்லோரும் வீட்டில் கிடக்கிற காலி மருந்து டப்பாக்களை மூடி போட்டு, சாக்கில் கட்டி, பிள்ளைகள் கைபடாமல் கொண்டுவாருங்கள். கலெக்டர் மேஜை முன்னால் அடுக்கிவைத்து முக்கோணத்தின் கலரை எண்ணச் சொல்வோம். கிளைச் செயலாளர்களிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். மருந்து அடிக்கிறவர்கள் எத்தனை வருஷம், என்ன மருந்து, கல்யாணம் ஆகி எத்தனை வருஷத்தில் குழந்தை, கலைந்தது எத்தனை என்று அதில் எழுதுங்கள். பேர் எழுத வேண்டாம், ஊரும் வயசும் போதும். ஆம்பளைங்க வெட்கப்பட்டு எழுதாவிட்டால் தாய்மார்கள் எழுதுங்கள், உங்களுக்குத்தான் கணக்கு சரியாகத் தெரியும். முதல் பக்கத்தில் முதல் வரியை என் தம்பி எழுதிவிட்டான். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது, நோட்டு இப்போது அந்தப் புளியமரத்தடி மேஜையில்தான் இருக்கிறது.